மருமகள் மடியில் வைத்த குட்டி

மகனே,

நீ பொய் சொன்னாய். அந்தப் பொய்யை நம்பிக் காட்டில் குரங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். நடந்த தவறு இதுதான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. உன் கல்யாணத்துக்கு வந்த உறவுக் கூட்டம் புக்கிட் தீமா காட்டுக்கு விருந்துண்ணப் போனது. அங்கே ஒரு குரங்குக் குட்டியை அதன் தாயிடமிருந்து பிடுங்கினார்கள். தாய் வந்து கடித்தது. கடிபட்டவன் உன் மச்சான். மறுநாள் நீயும் அவனும் காட்டு அலுவலகத்துக்குப் போய், நாங்கள் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், அவைதான் கூட்டமாக வந்து பாய்ந்தன என்று புகார் எழுதினீர்கள். கையெழுத்து உன்னுடையது. அடுத்த வாரமே துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். தப்பி ஓடிய மிச்சத்துக்காக வரும் சனிக்கிழமை மறுபடியும் வரப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ மனைவியோடு ஈப்போவுக்கு ரயில் ஏறுகிறாய். அதற்குள் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நேரில் சொல்லத்தான் வந்தேன். டோபி காட் பக்கம் உன் மாமனாரின் தம்பி வீட்டில் நீ விருந்தில் இருப்பதாகச் சொன்னார்கள். சிராங்கூன் சாலையிலிருந்து வெயிலில் நடந்து வந்து வாசலில் நின்றேன். "மாப்பிள்ளை தூங்குறாரு, எழுப்ப வேணாமே மாமா, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றான் உன் மச்சான். உள்ளே உன் சிரிப்புச் சத்தம் கேட்டது. தூக்கத்தில் சிரிக்கிற பழக்கம் உனக்குச் சின்ன வயதில் கிடையாது. தேத்தண்ணி குடிக்காமல் திரும்பிவிட்டேன். அதனால் எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. உனக்கு ஒரு பிரதி வரும். இன்னொன்றை என்ன செய்யப்போகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் சாமி படங்களுக்குச் சட்டம் போட்டுப் பிழைக்கிறவன். பள்ளிக்கூடம் என்னை வளர்க்கவில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய விலங்குப் படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, விரலை ஓட்டி ஓட்டித்தான் இங்கிலீஷ் படித்தேன். கடை அடைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தத் தீவில் எங்கெல்லாம் மரம் மிச்சம் இருக்கிறதோ அங்கெல்லாம் உன்னைக் கூட்டிப் போனேன். கோயில் வாசலில் என்னைப் பார்க்கிறவர்கள், "பொழுது போகலன்னா நாடகத்துக்குப் போறது, இந்த ஆளு மரத்தப் பாக்கப் போறாரு" என்று கேலி செய்தது உனக்கு நினைவிருக்கும். அந்தக் கேலியை நான் கணக்கில் எடுத்ததே இல்லை. புக்கிட் தீமாவில் மரத்தோடு மரமாக ஒட்டிக் கிடந்த குபுங் என்கிற பறக்கும் விலங்கை முதலில் கண்டுபிடித்தவன் நீ. தோலை விரித்து அது ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்கு மிதந்து போனபோது, "அப்பா, போர்வை பறக்குது!" என்று கத்தினாய். மலையின் மறுபுறம் கல்லுடைக்க வெடி வைத்தார்கள். அந்தச் சத்தத்தில் குபுங் அதிர்ந்து, போய்ச் சேர்ந்த மரத்திலேயே மறுபடி ஒட்டிக்கொண்டது. வீடு திரும்பும் வரை நீ அந்த வெடிக்காரர்களைத் திட்டிக்கொண்டே வந்தாய்.

ஜூரோங்கையும் நினைத்துப் பார். இப்போது தொழிற்சாலை கட்டுகிறோம் என்று மண் கொட்டித் தூர்க்கிறார்களே, அந்தச் சதுப்பு நிலம். சேற்றில் நடக்கும் மீனைப் பார்க்க உன்னைக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே இறால் குட்டைக்குக் காவல் இருந்த நம்ம ஆள் ஒருவர், ஓர் உடும்பைப் பிடித்துப் பிரம்பால் தூணில் கட்டிப் போட்டிருந்தார். கறிக்கு. நான் அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது நீ பின்னால் போய்க் கட்டை அவிழ்த்துவிட்டாய். உடும்பு தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் இருவரும் திரும்பினோம். "அண்ணே, உங்க பையன் என் ராத்திரிச் சாப்பாட்ட அவுத்து விட்டுட்டான்!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். உன்னைப் பார்த்து, "நாளைக்கு நீ பட்டினி கிடந்தா அந்த உடும்பு வந்து சோறு போடுமாடா?" என்று கேட்டார். நீ என் வேட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அது அழுதுச்சு" என்றாய். உடும்பு அழாது. ஆனால் நான் உன்னைத் திருத்தவில்லை. அந்த மனிதர் ஏசிய ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்தேன். கட்டை அவிழ்த்த அந்தக் கைதான் இந்தப் புகாரில் கையெழுத்துப் போட்டது.

அந்தக் குரங்குகள் ரோட்டோரத்துக்கு எப்படி வந்தன என்பதும் உனக்குத் தெரியும். நம் வீட்டிலிருந்துதான் அது தொடங்கியது. உனக்கு டைபாய்டு கண்டு நீ கண் திறக்காமல் கிடந்தபோது, பிழைத்தெழுந்தால் சனிக்கிழமை தோறும் ஆஞ்சநேயர் குலத்துக்கு வாழைப்பழமும் வடையும் கொடுப்பதாக உன் அம்மா வேண்டிக்கொண்டாள். நீ பிழைத்தாய். கோயிலில் வடைமாலை சாத்து, வருகிற மனுசருக்குப் பங்கிடு என்றேன். "வேண்டுனத மாத்தச் சொல்றீங்களா? புள்ள உசுரு சம்பந்தப்பட்டது" என்றாள். காட்டில் அவற்றுக்கு வேண்டிய பழம் இருக்கிறது, எண்ணெயில் பொரித்த உளுந்தை எந்தக் குரங்கும் கேட்கவில்லை என்றேன். அன்று முழுக்க எனக்குச் சோறு கிடைக்கவில்லை. சனிக்கிழமை பையோடு பஸ் ஏறினாள். பிறகு அவளைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா, அவரைப் பார்த்துப் பூக்கடைக்காரர், பிறகு வண்டி வைத்திருக்கிற குடும்பங்கள். யாருக்கு என்ன வேண்டுதல் என்றாலும் வடையோடு அந்தக் காட்டு வாசல். மர உச்சியில் இருந்தவை மெல்ல மெல்லத் தரைக்கு வந்தன. துணிப்பையைக் கண்டால் ஓடி வரப் பழகின. மனிதர் கை கொடுக்கிற கை என்று அவற்றுக்குச் சொல்லிக் கொடுத்தது நம் தெருவின் பக்தி. நான் ஒருத்தன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு நாத்திகன் என்று பெயர் வந்தது.

உன் மாமனார் வீட்டுக் கூட்டம் அங்கேதான் விருந்து வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தபோது, நீ என்னிடம் வந்து, "அப்பா, நீங்க வந்தா அவங்க ஒழுங்கா இருப்பாங்க" என்றாய். அதனால் வந்தேன். ஒழுங்கின் லட்சணத்தை லாரியிலிருந்து இறங்கிய உடனே பார்த்தேன். புளிச்சோறு ஒரு அண்டா, கோழிப் பிரட்டல் ஒரு அண்டா, அதற்குமேல் பீர்ப் பெட்டி. எச்சில் இலைகளைப் பள்ளத்தில் வீசினார்கள். உன் மச்சான் தேங்காய்ச் சிரட்டையில் பீர் ஊற்றிக் குரங்குகளுக்கு நீட்டினான். ஒரு கடுவன் குடித்துவிட்டுத் தள்ளாடியதற்குப் பெரிய மனிதர்கள் கை தட்டினார்கள். இதெல்லாம் போதாதென்று வாழைப்பழத்தைக் கீறி உள்ளே இடித்த சிலி பாடியை அடைத்தான். அந்த மிளகாய் விரலில் பட்டாலே எரியும். குரங்கு பழத்தை உடனே விழுங்காது. கன்னத்துப் பைக்குள் அடக்கி வைக்கும். வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்டிருந்த ஒரு தாய் அந்தப் பழத்தை வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அது போட்ட கூச்சலை நீயும் கேட்டாய். வாயைப் புல்லில் தேய்த்தது, இரண்டு கைகளாலும் கன்னத்தைப் பிதுக்கியது, உருண்டது. குட்டி கீழே விழுந்தது. இன்னும் கறுப்பு நிறம் மாறாத பச்சைக் குட்டி. உன் மச்சான் துண்டைப் போட்டு அதைப் பிடித்தான்.

பிறகு நடந்ததை நான் வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன். பொய்யாக இருந்தால் வந்து திருத்து.

"எல்லாரும் வாங்க, எல்லாரும் வாங்க! மணவறையில பொண்ணு மடியில வைக்க ஆம்பளப் புள்ள கிடைக்கலன்னு சடங்கு பாக்கி நிக்குதுல்ல? இந்தா முடிச்சிடுவோம்!" இது உன் மச்சான்.

"கீழ விடுடா அத." இது நான்.

"ஒரு போட்டோதான் லா மாமா. கோவிச்சுக்காதீங்க. மாமாவுக்கு மொதப் பேரன், பாருங்க, மூக்கு மாப்பிள்ளை மாதிரியே இருக்கு!"

"அனுமார் அம்சம்டி, மடியில வாங்கிக்கோ, நல்லது" என்றாள் உன் மாமியார்.

"வேணாம்ணே. அது நடுங்குதுண்ணே. விட்டுருண்ணே." இது உன் மனைவி. பட்டுப் புடவையும் கழுத்து நிறைய மஞ்சளுமாக, கைகளைத் தூக்கிக்கொண்டு, மடியில் கிடந்ததைத் தொடவும் பயந்து உட்கார்ந்திருந்தது அந்தப் பெண்.

"சீக்கிரம் எடுங்க" என்று ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவள் தோளில் கை வைத்து நின்றவன். அது நீ.

தாய் வாயில் நுரையோடு வந்தது. வேறு யாரையும் அது தொடவில்லை. மடியில் குட்டியை அழுத்திப் பிடித்திருந்த உன் மச்சான் கையை மட்டும் கடித்தது, குட்டியை அள்ளியது, போனது. அதைவிட நாகரிகமாக அன்று அங்கே யாரும் நடந்துகொள்ளவில்லை.

கைக்குத் தையல் போட்டார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் உன் மாமனாருக்குக் கௌரவம் போய்விட்டதாம். ஈப்போவில் லாரிக் கம்பெனி நடத்துகிறவரின் மகனைக் குரங்கு கடித்ததற்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமாம். அவர் கம்பெனியில் உனக்கு மேசை போட்டு வைத்திருக்கிறார் அல்லவா, அதனால் பதில் சொல்ல வைக்கும் வேலையை நீ ஏற்றுக்கொண்டாய். பத்திரிகையில் சின்னதாகச் செய்தியும் வந்தது. தேத்தண்ணிக் கடையில் என்னிடமே படித்துக் காட்டினார்கள். "உங்க மகன் பேரு பேப்பர்ல வந்திருக்கு லா! கல்யாணக் கோஷ்டிய வெறி புடிச்ச குரங்குங்க தாக்குச்சாம்!" நான் கிளாசைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்று மாலை உன்னிடம் கேட்டேன். நீ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "குரங்குதானேப்பா." மிளகாய் அடைத்தவனுக்குக்கூட வாலிபத் திமிர் என்று ஒரு பெயர் கொடுக்கலாம். குபுங்கைக் கண்டு கத்தியவன், உடும்பை அவிழ்த்தவன், எல்லாம் தெரிந்தவன் "குரங்குதானே" என்று சொன்னால் அதற்கு என்ன பெயர் கொடுப்பது? உன்மேல் கோபம் என்று நினைத்துவிடாதே. கோபம் என்றால் நாலு நாளில் ஆறிவிடும். இது அருவருப்பு. சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்கும் எனக்கும் நடுவில் வந்து நிற்கிறது.

சுட்டதற்கு மறுநாள் காலையில் காட்டுக்குப் போனேன். பழக்கப்பட்ட இடத்தில்தான் அவற்றைச் சுட்டிருக்கிறார்கள். துணிப்பை வைத்திருப்பதாகக் காட்டினால் போதும், ஓடி வந்திருக்கும். வந்திருக்கின்றன. உன் அம்மா வடை கொடுக்க நிற்கும் அந்தக் கல்லைச் சுற்றித்தான் புல் கறுத்துக் கிடந்தது. உன் மச்சான் வீசிய சிரட்டை அங்கேயே கிடந்தது. மேலே மரங்களில் ஒரு அசைவும் இல்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். எழுந்து போய் ஆஞ்சநேயருக்கு நெய்விளக்கு ஏற்றினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளக்கை அணைத்துவிட்டேன். அதற்காக இந்த வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டாம்.

காட்டு அலுவலகத்துக்கும் போனேன். அங்கே இருந்தவர் ஒரு மலாய்க்காரர், என் வயதுதான் இருக்கும். நடந்ததையெல்லாம் மலாயில் சொன்னேன். முடிகிற வரைக்கும் குறுக்கே பேசவில்லை. பிறகு புகாரை எடுத்து உன் கையெழுத்தைக் காட்டினார். "இது உங்கள் மகன்தானே? நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் நான் நம்பி என்ன செய்ய? அவர் எழுதியதை அவர் வந்து மாற்றட்டும். சனிக்கிழமைக்கு முன்னால் வந்தால் நிறுத்தச் சொல்லி மேலே எழுதுகிறேன்" என்றார். தப்பியவை மலைக்கு மறுபுறம் கல்லுடைக்கும் பக்கம் ஒதுங்கியிருக்கின்றனவாம். குட்டியோடு ஒரு தாய் இருந்ததா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

நேற்று உன் மச்சான் கடைக்கு வந்தான். கட்டுப் போட்ட கையோடு, அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிக்கொண்டு. "மாமா, நல்ல தேக்குல ஒரு சட்டம் போட்டுக் குடுங்க, ஈப்போ வீட்டு ஹால்ல மாட்டணும்" என்றான். பார்த்தேன். நடுவில் மடியில் கறுப்பாக ஒரு கைப்பிடி உயிர். பின்னால் இளித்துக்கொண்டு நீ. ஓரத்தில் மங்கலாக, கையை நீட்டிக்கொண்டு ஒரு கிழவன் கத்துகிறான். அது நான். "மாமா முகந்தான் கொஞ்சம் கெடுத்திருச்சு, ஓரத்த வெட்டிருங்க" என்றான். அளவு எடுத்துக்கொண்டேன். மரத்தையும் அறுத்துவிட்டேன். அவன் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன்.

அவனுக்குப் பின்னால் உன் மனைவி வந்திருந்தாள். அவன் காரில் ஏறிக் கூப்பிட்டபோது, "பூ வாங்கிட்டு வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டுக் கடைப் படியில் நின்றாள். "மாமா, அந்தக் குட்டி என்ன ஆச்சு?" என்று கேட்டாள். இத்தனை பேர் சாப்பிட்டு, சிரித்து, கையெழுத்துப் போட்டு, படம் எடுத்துக் கலைந்த பிறகு, இந்தக் கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். தெரியலம்மா என்றேன். "மடியில இன்னும் அது நடுங்கற மாதிரியே இருக்கு மாமா" என்றாள். பிறகு அலுவலகம் எங்கே இருக்கிறது, எந்த பஸ் போகும் என்று கேட்டாள். சொன்னேன். உனக்கு நான் சொல்ல நினைத்த புத்தி ஒன்று இங்கேதான் இருக்கிறது. கல்யாணமான முதல் வாரத்தில் உன் மனைவி "வேணாம்" என்று சொன்னாள். நீ அவள் தோளில் கை வைத்துக்கொண்டு அவள் அண்ணன் பக்கம் சிரித்தாய். அவள் சொன்னது உன் காதில் விழாத வீடாக உன் வீடு ஆகிவிடக்கூடாது. மாமனார் போட்ட மேசையில் உட்காருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த மேசைக்காக எதையெல்லாம் எழுதிக் கொடுப்பாய் என்று அவர்கள் இப்போதே தெரிந்துகொண்டார்கள். அடுத்த முறை இதைவிடப் பெரியதைக் கேட்பார்கள்.

இனி செய்ய வேண்டியவை.

நீ: வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடுவதற்குள் புக்கிட் தீமாவுக்குப் போக வேண்டும். மிளகாயையும், துண்டையும், மடியையும், உன் சிரிப்பையும் சொல்ல வேண்டும். புதிதாக எழுதி, அதே கையெழுத்தைப் போட வேண்டும். பிறகு பத்திரிகைக்கும் அதையே எழுதிப் போட வேண்டும்.

உன் மச்சான்: உன்னோடு வந்து ஆமாம் என்று சொல்ல வேண்டும். வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். வராவிட்டால் நீ தனியாகச் சொல்ல வேண்டும். கடிபட்ட கை ஆறிவிடும் என்று அவனிடம் சொல்.

உன் மாமனார்: ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

உன் அம்மாவும், அவளைப் பார்த்துப் பையெடுத்த அத்தனை பேரும்: இனி அந்தக் காட்டு வாசலுக்கு ஒரு வடையும் போகக்கூடாது. மிச்சமிருக்கும் குரங்குகள் நம் கையை மறக்க வேண்டும். வேண்டுதலைக் கோயிலில் முடித்துக்கொள்ளுங்கள். ஆஞ்சநேயர் கோபித்தால் என்மேல் கோபிக்கட்டும்.

உன் மனைவி: அவளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்கு நிற்பதாக அவளேதான் சொன்னாள். அவள் பக்கத்தில் நீ நிற்க வேண்டும்.

நான்: போட்டோவுக்கு அறுத்த தேக்குச் சட்டத்தில் இந்தக் கடிதத்தின் மறு பிரதியை வைத்துக் கண்ணாடி போடப்போகிறேன். கடை வாசலில், சாமி படங்களுக்கு நடுவில், தெருவைப் பார்த்தாற்போல் மாட்டுவேன். உன் மச்சான் படத்தைக் கேட்டு வந்தால் அதைத்தான் காட்டுவேன். அலுவலகத்திலிருந்து நீ நேரே கடைக்கு வா. வந்து, எழுதிவிட்டேன் என்று சொல். ஸ்டூல் போட்டு ஏறி நானே கழற்றுவேன். நீ வராமல் ரயில் ஏறினால், இந்தக் கடை இருக்கிற வரைக்கும் அது அங்கேயே இருக்கும்.

உன் அப்பா